ரிங்லெட் ஏரியின் மண் யார் கணக்கில்?

கேமரன்மலைக்குத் தாப்பா சாலை வழியாக ஏறுவோர் ரிங்லெட் பட்டணத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் ஓர் ஏரியைக் காண்பர். புதிதாக வருவோர் அதை இயற்கை ஏரி என்றே எண்ணுவர். அது இயற்கை ஏரி அன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டி, மின்சாரம் எடுப்பதற்கென 1963-ஆம் ஆண்டில் உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. மழை பெய்துவிட்டால் அதன் நீர் பால் கலந்த தேத்தண்ணியின் நிறத்துக்கு மாறிவிடும். அந்த நிறம் மலையின் மண். அந்த மண் எங்கிருந்து வந்தது? அதனால் நட்டப்படுகிறவர் யார்? அந்த நட்டத்தைக் கட்டுகிறவர் யார்? இந்த மூன்று கேள்விகளையே இன்று நம் தோழர்களின் முன் வைக்கிறோம்.

பால்மரக் காட்டில் உழைக்கும் நமக்கும் மலைமேல் இருக்கும் ஏரிக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு. பகாங் மாநிலத்தில் பெய்யும் மழையை அந்த ஏரி தேக்குகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்த நீர் பேராக் மாநிலத்துப் பக்கம் இறங்கி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடியில் இருக்கும் சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அதற்கும் கீழே வோ மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. முன்னதன் திறன் 100 மெகாவாட். பின்னதன் திறன் 150 மெகாவாட். நம் வீட்டு விளக்குகளுக்கு மின்சாரம் தரும் கம்பிகளில் அந்த ஏரியின் பங்கும் ஓடுகிறது. மின்சாரம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து எடுத்தவர்கள் நம்மவர்கள். 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு அந்தச் சரிவுகளில் காடு வெட்டியதும் கன்று நட்டதும் தமிழ்த் தொழிலாளியின் கை. இன்று அந்த மலைகளில் நம்மவர் தொகை குறைந்துவிட்டது. வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். உழைப்பவன் யாராயினும் அவன் குறை நம் குறையே.

ஏரி சுருங்குகிறது என்றால் வெயிலில் வற்றுகிறது என்றே நாம் நினைப்போம். உலகத்தில் அப்படிச் சுருங்கிய ஏரிகள் உண்டு. மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஒரு பேரேரி இருந்தது. 1960-ஆம் ஆண்டு வரையில் உலகின் பெரிய ஏரிகளில் அது நான்காவது. அதற்கு நீர் கொண்டுவந்த இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசாங்கம் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்த ஏரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிற்று. துறைமுகப் பட்டணங்கள் கரையின்றிக் கிடந்தன. மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் வேலை இழந்தார்கள். பருத்திக்கு அடித்த பூச்சிமருந்தும் உப்பும் கலந்த புழுதி காற்றில் எழுந்து குடியிருப்புகளின்மேல் படிந்தது.

ரிங்லெட் ஏரியின் கதை வேறு. அது வற்றிச் சுருங்கவில்லை. அடியிலிருந்து நிரம்பிச் சுருங்குகிறது. மேலே பார்த்தால் நீர் இருக்கும். கீழே மண் ஏறிக்கொண்டிருக்கும். பானைக்குள் பாதி மணலைக் கொட்டிவிட்டு, பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது போன்றது இது.

கணக்கைப் பார்ப்போம். அணை கட்டியபோது அந்த ஏரி கொள்ளக்கூடிய நீர் ஏறத்தாழ 63 இலட்சம் கனமீட்டர். அதில் மின்சாரத்துக்குப் பயன்படுவது 47 இலட்சம். மீதமுள்ள 16 இலட்சம் கனமீட்டர் இடத்தை வண்டலுக்கென்றே அடியில் ஒதுக்கி வைத்தார்கள். ஏரியின் ஆயுள் 80 ஆண்டு என்று மதித்தார்கள். 16 இலட்சத்தை 80-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 20,000 கனமீட்டர் மண் வரும் என்று எதிர்பார்த்தது தெரிகிறது. அந்தக் கணக்குப்படி 2043 வரையில் கவலை இல்லை. ஆனால் நடந்தது என்ன? பின்னாளில் எடுத்த அளவுகள், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் கனமீட்டருக்கும் மேல் மண் வருவதாகக் காட்டின. அதாவது, எதிர்பார்த்ததைப் போல் பத்து மடங்குக்கு மேல். ஏரி தன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியை மண்ணுக்குக் கொடுத்துவிட்டது. கணக்குப் போட்ட பொறியாளர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் கண்ட மலை வேறு. இன்றைய மலை வேறு.

கன்னிக் காட்டில் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. முதலில் இலையில் விழுகிறது; பிறகு சருகில் விழுகிறது; அதன்பின் மெல்ல மண்ணில் ஊறுகிறது. காட்டை வெட்டினால் துளி நேராக மண்ணை அடிக்கிறது. அடித்த மண் நீரோடு கிளம்புகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு இதில் பங்கே இல்லை என்று கூற மாட்டோம். கன்று நட்ட முதலாண்டுகளில் தேயிலைச் சரிவும் மண்ணை இழக்கத்தான் செய்யும். எனினும் செடி வளர்ந்து கிளை கிளையோடு சேர்ந்து கொழுந்து மேடை கட்டிவிட்டால், அது மலைக்குப் போர்த்திய கம்பளி போல் மண்ணைக் காக்கும். காய்கறி நிலம் அப்படியன்று. முட்டைக்கோசும் தக்காளியும் ஆண்டில் பலமுறை மாறும்; ஒவ்வொரு முறையும் மண்ணைக் கிளற வேண்டும். மழைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் பெருகிவிட்டன. அந்தக் கூரைகளில் விழும் மழை முழுவதும் ஊறாமல் ஒரே மூச்சில் ஓடைக்குப் பாய்கிறது. இவற்றோடு புதிய சாலைகள், தங்கும் விடுதிகள், அடுக்குமாடிகள், குன்றையே வெட்டி மட்டமாக்கும் வேலைகள். மலைச்சரிவில் சீவிய ஒவ்வொரு வெட்டும் கடைசியில் ஏரிக்குத்தான் இறங்குகிறது.

மண் மட்டும் இறங்கினால் ஏரி சுருங்குவதோடு போகும். மண்ணோடு வேறு பலவும் இறங்குகின்றன. வயலுக்கு இட்ட உரம், பதப்படுத்தாத கோழி எரு, கடைவீதிக் கழிவு, வீட்டுக் கழிவு, பிளாஸ்டிக் குப்பை, பூச்சிமருந்து யாவும் பெர்த்தாம் ஆற்றிலும் தெலோம் ஆற்றிலும் சேர்கின்றன. மலை ஆறுகளை ஆராய்ந்தவர்கள் பூச்சிமருந்தின் எச்சங்களையும் மலக்கிருமிகளையும் அந்த நீரில் கண்டிருக்கிறார்கள். இங்கே நம் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரிக்குப் போகும் நஞ்சு முதலில் தொழிலாளியின் கையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிப்பவன் அவன். அதைக் கரைப்பவள் அவள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் தரப்பு எத்தனை ஆண்டுகள் முறையிட்டது! 2002-இல் தடை என்றார்கள். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. நஞ்சு தொழிலாளியின் நுரையீரலில் இருந்தவரை யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இனி, ஏரி சுருங்கியதால் வந்த பெருங்கேட்டைக் கூறுவோம். அணை எழுந்த பிறகு பெர்த்தாம் ஆற்றின் நீரில் பெரும்பகுதி சுரங்கத்தின் வழியே பேராக்குக்குப் போய்விட்டது. அணைக்குக் கீழே ஆறு ஓடை போல் மெலிந்தது. ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை. ஆண்டுகள் கடந்தன. வெறுமையாய்க் கிடந்த கரையில் காய்கறித் தோட்டங்கள் வந்தன; தோட்டத்துக்கு உழைப்பாளிகள் வந்தார்கள்; உழைப்பாளிகளுக்குப் பலகை வீடுகள் வந்தன. அதிகாரிகள் கண்டும் காணாதவர்போல் இருந்தார்கள். மேலே ஏரியில் மண் ஏறிக்கொண்டே வந்தது. இடமில்லாத ஏரி பெருமழையைத் தாங்காது. அணையைக் காப்பாற்ற வேண்டுமானால் மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், மதகு திறந்தது. மறந்துபோன ஆறு தன் பழைய வழியைத் தேடி வந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மூவருக்குக் குறையாமல் மாண்டனர். ஏறத்தாழ எண்பது வீடுகள் சேதமுற்றன. வண்டிவாகனங்கள் சேற்றில் புதைந்தன. அடுத்த ஆண்டு, 2014 நவம்பரில், ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் மீண்டும் சேற்று வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அந்த நாட்களில் எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. சட்டவிரோதமாகக் காடு அழித்தவர்கள்தாம் காரணம் என்றார்கள். பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகள்தாம் காரணம் என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பெர்மிட் இல்லாத தொழிலாளி தனக்காகவா மலையை வெட்டினான்? கத்தியை அவன் கையில் கொடுத்தவர் ஒருவர். நிலத்தைக் காட்டியவர் ஒருவர். விளைந்த கோசை வாங்கிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பி இலாபம் கண்டவர் ஒருவர். வெள்ளம் வந்த இரவில் ஆற்றோரத்தில் படுத்திருந்தவன் மட்டும் தொழிலாளி.

காய்கறிப் பயிர் செய்வோரை நாம் பகைவராகக் கருதவில்லை. அவர்களில் பலர் சிறு விவசாயிகள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் பாடுபட்டவர்கள். அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நெடுங்காலமாக அவர்களில் பெரும்பாலோர் தற்காலிக உரிமத்தின் பேரிலேயே நிலத்தை வைத்திருந்தார்கள். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் அந்த ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாதவன் படிக்கட்டு வரப்புக்கும் மண்தடுப்புக்கும் ஆயிரமாயிரம் வெள்ளி செலவிடுவானா? இருக்கிறவரையில் எடுத்துக்கொள்வோம் என்றுதானே எண்ணுவான்? ஓராண்டு உரிமம் கொடுத்துவிட்டு நூறாண்டுப் பொறுப்பைக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

சட்டம் இல்லாமல் இந்த நிலை வரவில்லை. 1960-ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. மலை நிலம் என்று மாநில அரசாங்கம் அறிவித்த இடத்தில் அனுமதியின்றிக் குறுகிய காலப் பயிர் செய்யக் கூடாது என்று அது கூறுகிறது. 1974-இல் சுற்றுச்சூழல் சட்டமும் வந்தது. நிலமும் ஆறும் அரசமைப்புப்படி மாநிலத்தின் பொறுப்பு. மின்சாரமோ மத்திய அரசாங்கத்தின் துறை. இதனால் விளைந்தது என்னவென்றால், மலையை வெட்ட உரிமம் தருகிறவர் ஒருவர். வெட்டிய மண் வந்து விழும் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் வேறொருவர். முன்னவருக்கு வருமானம், பின்னவருக்குச் செலவு. ஏரியிலிருந்து மண்ணை அள்ளக் கோடிக்கணக்கான வெள்ளி போகிறது. அள்ளிய மண்ணைக் கொட்ட இடம் தேட வேண்டும். மேலே வெட்டுவது நிற்காத வரையில், கீழே அள்ளுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போன்றதே.

இந்தச் செலவு எங்கே போகிறது? மின்நிலையம் ஓடாத நேரத்துக்கு ஈடாக நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்க வேண்டும். அந்தக் கணக்கு மின்கட்டணத்திலோ வரிப்பணத்திலோ ஏறி நம் வாசலுக்கு வருகிறது. குடிநீரைச் சுத்தம் செய்ய மேலும் மேலும் செலவாகிறது. ஆற்றை நம்பி வாழும் செமாய் இனப் பூர்வகுடிகள் மீனை இழக்கிறார்கள், தெளிந்த நீரை இழக்கிறார்கள். அதை எந்தக் கணக்கேட்டிலும் யாரும் எழுதுவதில்லை. மலையின் குளிரையும் பசுமையையும் காண வரும் சுற்றுலாப் பயணி சேற்று ஏரியைக் காண வருவானா? அவன் வராவிட்டால் விடுதியில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு வேலை போகும். சாலை சரிந்த நாளில் தேயிலை லாரி நிற்கும். லாரி நின்றால் நாட்கூலிக்காரனுக்குச் சம்பளமும் நிற்கும். கூட்டிப் பார்த்தால், இலாபம் சிலருக்குப் போயிற்று; நட்டம் பலருக்கு வந்தது. மண் ஏரியின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது; கட்டுவது நாம்.

இது ரிங்லெட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கையில் நம் உறவினர் வாழும் மலைநாட்டில், மகாவலி ஆற்றின்மேல் பொல்கொல்லை அணை 1976-இல் திறக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வண்டல் நிரம்பிவிட்டது. மலையில் பயிர் செய்யும் முறையைக் கவனிக்காமல் பள்ளத்தில் அணை கட்டினால் எங்கும் இதே முடிவுதான். இங்கோ, பெர்த்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சூசு அணை எழுந்து, 372 மெகாவாட் திறனுள்ள உலு ஜெலாய் மின்திட்டம் 2016-இல் நிறைவு பெற்றது. ரிங்லெட் ஏரி பிடிக்காமல் விடும் மண் எங்கே போகும் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

பரிகாரம் இல்லையா? உண்டு. அதற்கு வெளிநாட்டு நிபுணரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பால்மரக் காட்டின் வரலாறே பாடம் சொல்லும். அக்காலத்துத் துரைமார் ரப்பர் நிலத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சுத்தமாகச் செதுக்கச் சொன்னார்கள். நம் பாட்டன்மார் வெயிலில் குனிந்து செதுக்கினார்கள். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று, மரம் நலிந்தது, பால் குறைந்தது. பிறகுதான் முதலாளிமார் விழித்துக்கொண்டார்கள். சரிவுக்குக் குறுக்கே படி வெட்டினார்கள், மண்குழி தோண்டினார்கள், அவரையினக் கொடிகளை நிலமெல்லாம் படரவிட்டார்கள். மண் நின்றது. பால் குறைந்தால் தம் இலாபம் குறையும் என்று கண்டவுடன் அவர்களுக்கு அறிவு வந்தது. காய்கறி மலையில் மண் போனால் நட்டம் வேறொருவருக்கு என்பதால்தான் அங்கே அந்த அறிவு வரவில்லை. ஆரல் கடலுக்கே ஓரளவு மீட்சி உண்டாயிற்று. 2005-இல் கசகஸ்தான் நாட்டார் ஓர் அணை கட்டி அதன் வடபகுதியை மீட்டார்கள், நீர் ஏறிற்று, மீன் திரும்பியது, மீனவரும் திரும்பினர்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, மலைச்சரிவில் பயிர் செய்வோருக்கு நீண்டகாலக் குத்தகை கொடுக்க வேண்டும். அதோடு படிவரப்பும் மண்தடுப்பும் ஆற்றோரத்தில் மரவரிசையும் கட்டாயம் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் தண்டனை நில உரிமையாளருக்கே அன்றிக் கூலிக்காரனுக்கு அன்று. இரண்டாவது, ஏரியில் மண் அள்ளும் செலவில் ஒரு பகுதியேனும் மலையை வெட்டி இலாபம் காண்போரிடமிருந்து வசூலாக வேண்டும். மூன்றாவது, ஆற்றோரக் குடியிருப்புகளை அகற்றுவதானால் முதலில் மாற்று வீடு, பிறகே அகற்றல். நான்காவது, மதகு திறக்கும் எச்சரிக்கை தொழிலாளிக்கு விளங்கும் மொழிகளில் இருக்க வேண்டும். சங்கு ஊதினால் போதாது. ஊதினால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்று தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் சொல்லிக் கொடுத்துப் பழக்க வேண்டும். ஐந்தாவது, ஆற்று நீரைச் சோதித்த முடிவுகள் அலுவலக அலமாரியில் உறங்காமல் ஒவ்வொரு லயத்திலும் விளம்பரப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தோட்ட வீடுகளுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று அறிய நமக்கு உரிமை இல்லையா?

மலைமேல் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தோட்டத்துக்கு மேலே புதிதாக ஒரு குன்றைச் சீவினால், ஓடையில் நிறம் மாறினால், அதை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். கேமரன்மலையின் சுற்றுச்சூழல் நலத்துக்காக 2001-ஆம் ஆண்டு முதல் பாடுபடும் ரீச் போன்ற அமைப்புகளோடு தொடர்பு கொள்ளுங்கள். பக்கத்து வரிசையில் கொழுந்து எடுக்கும் வங்காளத் தோழனையும் நேபாளத் தோழனையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வருவதில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கே அணை இருக்கிறது. அதில் வெள்ளத்துக்குத்தான் இடம் இல்லை. அந்த இடத்தை மீட்கும் வேலை ஏரிக்குள் தொடங்குவதன்று. மலைச்சரிவில் தொடங்க வேண்டியது. அடுத்த பெருமழைக்கு முன் அது தொடங்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.